கூழும் குலமும்

'கூழ் குடிக்கிறவன்' என்றால் ஏளனம்! 'களி தின்கிறவன்' என்றால் கேலி! நம்மில் தலை நரைத்தோர் பலர் காதாரக் கேட்ட சொற்கள் இவை. பள்ளிக்கூடத்திலே தூக்குச் சட்டியைத் திறக்கும்போது, உள்ளே இருப்பது கேழ்வரகுக் களி என்பதைப் பக்கத்துப் பையன் பார்த்துவிடக் கூடாதே என்று, மூடியால் மறைத்து மறைத்து உண்ட பிள்ளைகள் எத்தனை பேர்! நெல்லுச்சோறு பெருமை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கிடைக்கும் பெருமை. கூழ் சிறுமை, நாள்தோறும் கிடைக்கும் சிறுமை.

இன்றைய நிலை என்ன? நகரத்தின் குளிரூட்டிய கடையிலே அதே கம்பு, அதே கேழ்வரகு, அதே சாமை, அதே வரகு பளபளக்கும் உறைக்குள்ளே கொலுவீற்றிருக்கின்றன. 'இயற்கை வேளாண்மையில் விளைந்தது' என்று பச்சை நிறத்திலே ஒரு முத்திரை. விலையைக் கேட்டால், அதை விளைவித்தவனே வாயடைத்து நிற்பான். கூழ் குடித்தவனை ஏசியவரின் பேரன் அந்தக் கடையிலே கூழ்மாவுக்காக வரிசையில் நிற்கிறான். கூழ் குடித்தவனின் பேரன் நியாய விலைக் கடையிலே வெள்ளை அரிசிக்காக வரிசையில் நிற்கிறான். கூழ் உயர்ந்துவிட்டது, கூழ் குடித்தவன் உயர்ந்தானா?

'கூழானாலும் குளித்துக் குடி' என்று ஒரு பழமொழி. தூய்மைக்கு அறிவுரை என்று நமக்குக் கற்பித்தார்கள். அந்த 'ஆனாலும்' என்ற சொல்லைச் சற்றே உற்று நோக்குங்கள், தோழர்களே! கந்தைக்கு ஓர் 'ஆனாலும்', கூழுக்கு ஓர் 'ஆனாலும்'. உடையிலே கந்தல் எப்படியோ, உணவிலே கூழ் அப்படி என்று ஊர் முடிவு கட்டிவிட்டது! ஆனால் வள்ளுவர், அரசுக்குரிய ஆறு உறுப்புகளை எண்ணியபோது, நாட்டின் செல்வத்துக்கு இட்ட பெயர் என்ன? கூழ்! செல்வத்துக்கும் உணவுக்கும் ஒரே சொல்லாக நின்ற கூழை, இழிந்தவன் கலயத்துக்குள் தள்ளியது யார்? ஏன்?

இந்தக் கேள்வியை இன்று எழுப்பக் காரணம் உண்டு. தாவர உணவு உடலுக்கு நல்லது, நஞ்சில்லா வேளாண்மை மண்ணுக்கு நல்லது என்ற பேச்சு நாடெங்கும் கேட்கிறது. கேட்டதும் நம் இளந்தோழர்கள் சிலர் முகம் சுளிக்கின்றனர். "மடி ஆசாரச் சமையலறையின் புதுப்பதிப்பு இது! பணம் படைத்தோர் பொழுதுபோக்கு இது! நமக்கென்ன இதிலே?" என்கின்றனர். அவர்களுடைய ஐயம் நியாயமானது. அவர்களுடைய முடிவு தவறானது. நம் வீட்டுப் பொருள் அயலான் கையிலே இருக்கக் கண்டால், பொருளைப் பழித்துவிட்டுப் போவதா, பொருளை மீட்டு வருவதா?

தட்டிலே தானியமும் பருப்பும் கீரையும் காயும் பெருக வேண்டும். மண்ணிலே நஞ்சு குறைய வேண்டும். இவை இரண்டும் ஆராய்ச்சி சொல்லும் முடிவுகள். இந்த இரண்டையும் தீட்டுக்காரரிடமிருந்தும், பழம்பெருமைக்காரரிடமிருந்தும், சந்தைக்காரரிடமிருந்தும் மீட்டு, உழைப்பவரின் உரிமையாக்க வேண்டும் என்கிறோம் நாம்.

குன்னூர் எலிகளின் சாட்சியம்

முதலிலே ஆராய்ச்சி சொல்வதைக் கேட்போம். 1920-களிலே நீலகிரியின் குன்னூரில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் ஓர் ஆய்வு நடத்தினார். எலிகளைக் கூட்டங் கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் உண்ணும் உணவு, ஒரு கூட்டத்துக்குப் பட்டாணியர் உணவு, ஒரு கூட்டத்துக்கு வங்காளியர் உணவு, ஒரு கூட்டத்துக்குச் சென்னை மாகாணத்தார் உணவு. எலிக்குச் சாதியும் இல்லை, சாத்திரமும் இல்லை. ஆகவே அதன் சாட்சியத்திலே கலப்படமும் இல்லை. முழுக்கோதுமை ரொட்டி, பருப்பு, காய்கறி, பால், எப்போதாவது இறைச்சி என்றிருந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் திடமாக வளர்ந்து முதலிடம் பெற்றன. தீட்டித் தீட்டி வெளுத்த அரிசியையே நம்பியிருந்த நம் உணவை உண்டவை கடைசி இடத்தில் நின்றன! அந்த ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. ஆய்வுக்கூடம் ஊர் மாறியது. நம் தட்டு மாறவில்லை.

அதற்கும் முன்னரே, 1890-களில் சாவகத் தீவிலே கிறிஸ்டியான் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் முடங்கி விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் எழுந்து நடப்பதையும் கண்டார். பெரிபெரி என்னும் நோயின் மறைவு அங்கேதான் விலகத் தொடங்கியது. அதற்காக 1929-இல் அவருக்கு நோபல் பரிசு. தவிட்டை நீக்கினால் உயிர்ச்சத்து நீங்குகிறது என்பது, இன்று பள்ளி மாணவனும் அறிந்த செய்தி.

இதிலே ஒரு வேடிக்கை! நெல்லைப் புழுக்கி அரைத்தால், தவிட்டிலுள்ள பி-1 உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கித் தங்கிவிடுகிறது. ஆனால் நம் சாத்திரக்காரர் கணக்கிலே புழுங்கலரிசி, ஒருமுறை வெந்துவிட்ட அரிசி. ஆகவே பூசைக்கும் சடங்குக்கும் ஆகாது. பச்சரிசிதான் புனிதம்! ஏழை உண்ட புழுங்கல் 'தாழ்ந்தது'. அதிலேதான் சத்து தங்கியது. ஆசாரம் உயர்த்திய வெள்ளைப் பச்சரிசியிலே அது தங்கவில்லை. ஆசாரத்தின் அறிவு எவ்வளவு என்று அளக்க இந்த ஒரு படி அரிசி போதாதா?

நூறு கிராம் கேழ்வரகிலே சுமார் 350 மில்லிகிராம் சுண்ணச்சத்து. அதே அளவு வெள்ளை அரிசியிலே பத்து மில்லிகிராம் அளவே! களி தின்கிறவன் என்று யாரை இகழ்ந்தார்களோ, அவன் எலும்புக்குத்தான் உரம் கிடைத்தது. இன்றோ? 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டிலே பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு நோயாளிகள் என்று கணக்குக் காட்டியது. 'பணக்கார நோய்' என்று ஒரு காலத்திலே பேர் பெற்றது, இன்று கூலிக்காரன் குடிசையிலும் குந்தியிருக்கிறது. காலையிலே மைதாப் பரோட்டா, பகலிலே மலைபோல் வெள்ளைச் சோறு, மாலையிலே சர்க்கரை கரைத்த தேநீர்: இதுவே உழைப்பவன் உணவானால், வேறென்ன விளையும்?

மாங்குடி கிழார் எண்ணிய நான்கு

புறநானூற்றிலே மாங்குடி கிழார் என்னும் புலவர் நான்கே நான்கு உணவுகளை எண்ணுகிறார்: வரகு, தினை, கொள், அவரை. இரண்டு தானியம், இரண்டு பயறு. நெல்லைத் தூவி வணங்கத்தக்க கடவுளும், களத்தில் வீழ்ந்த வீரனின் நடுகல் அன்றி வேறில்லை என்று அதே பாட்டில் பேசிய புலவர் அவர்!

நான்கையும் இன்றைய ஆய்வின் தராசிலே வையுங்கள். தானியத்தின் புரதத்திலே லைசின் என்ற கூறு குறைவு. பயறிலே அது மிகுதி. பயறிலே மெத்தியோனின் குறைவு. தானியத்திலே அது உண்டு. இரண்டும் ஒரே தட்டில் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிறைக்கிறது. அது தட்டின் கணக்கு. மண்ணின் கணக்கும் உண்டு. அவரையும் கொள்ளும் போன்ற பயறுவகைகளின் வேர் முடிச்சிலே வாழும் நுண்ணுயிர்கள், காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன. 1880-களில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற ஜெர்மானிய அறிஞர்கள் இதை மெய்ப்பித்தார்கள். தானியம் எடுத்த சத்தைப் பயறு நிலத்துக்கு ஈடு செய்யும். வானம் பார்த்த புன்செய்யிலே, மூட்டை மூட்டையாக உரம் கொட்டாமல் விளையும்.

"பார்த்தீர்களா, நம் முன்னோருக்கு எல்லாம் தெரிந்திருந்தது!" என்று யாரும் துள்ள வேண்டா. முன்னோருக்கு லைசினும் தெரியாது, நுண்ணுயிரும் தெரியாது. தலைமுறை தலைமுறையாக விதைத்து, உண்டு, பட்டு அறிந்தார்கள். பழையது என்பதற்காக நாம் அதைப் போற்றவில்லை. சோதனைக்கு உட்பட்டது, தேறியது; ஆகவே ஏற்கிறோம். தேறாத பழமை எதுவாயினும், அதைக் குப்பைக்கு அனுப்பவும் நாம் தயங்கியதில்லை.

உலக்கை பிடித்தவள் யார்?

இவ்வளவு நல்ல தானியங்கள் ஏன் மறைந்தன? "மக்கள் நாகரிக மோகத்தில் கைவிட்டார்கள்" என்று பழம்பெருமை பேசுவோர் பெருமூச்சு விடுகின்றனர். அவர்கள் ஒருநாளேனும் உலக்கை பிடித்ததுண்டா?

வரகின் உமி அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டிருக்கும். அதை உரலிலிட்டு இடித்து, முறத்திலிட்டுப் புடைத்து, மீண்டும் இடித்து, மீண்டும் புடைத்து உலையிலே போடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கேழ்வரகைத் திரிகையிலே திரிக்க வேண்டும். இவ்வளவையும் செய்தவள் யார்? பகலெல்லாம் வயலிலே நடவு நட்டு, களை பறித்து வந்த அதே பெண்! அரவை ஆலை வந்து, வெள்ளை அரிசி வந்தபோது, அவள் தோளிலிருந்து உலக்கை இறங்கியது. அதை மோகம் என்பவன் ஆண். அதை விடுதலை என்பவள் பெண். எந்திரம் இல்லாமல் 'பழைய உணவுக்குத் திரும்புவோம்' என்று முழங்குவது, பெண்ணைப் பழைய உரலுக்குத் திருப்பி அனுப்பும் முழக்கமேயாகும். கொல்லிமலையிலே சாமைக்கு உமி நீக்கும் எந்திரம் கொண்டு சென்றவர்கள் இந்த உண்மையை உணர்ந்தவர்கள். ஊருக்கு ஊர் அந்த எந்திரம் வரட்டும். பிறகு சாமைச்சோற்றின் பெருமையைப் பேசுவோம். எந்திரம் வந்த பிறகும் அடுப்படியிலே ஆண்கள் கை நனையட்டும், பெருமை இரட்டிப்பாகும்.

பசியையும் நாம் மறந்தவர்கள் அல்லர். 1960-களின் நடுவிலே, அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு நின்றது. அந்த நாளிலேதான் ஐ.ஆர். 8 வந்தது, தஞ்சையிலே ஆடுதுறை 27 விளைந்தது, உரமும் நீரும் பெருகின, களஞ்சியம் நிறைந்தது. பசுமைப் புரட்சியைப் பழித்தால் போதும் என்று எண்ணுவோர், அந்தப் பசியை அறியாதோர். ஆனால் வயிற்றை நிறைக்க எடுத்த முயற்சி, நெல்லுக்கும் கோதுமைக்கும் மட்டுமே மானியமும் கொள்முதலும் தந்து, புன்செய்க்காரனைத் தனியே விட்டது. நன்செய்க்கு மாலை, புன்செய்க்கு மறதி. நன்செய் யாருடையது, புன்செய் யாருடையது என்று கேட்டால், கூழின் குலமும் விளங்கிவிடும்.

சைவம் என்ற சொல்

மரக்கறி உணவுக்கு நம் நாட்டிலே என்ன பெயர்? சைவம்! சைவம் என்பது ஒரு மதத்தின் பெயர். ஒரு மதத்தின் பெயரைக் கத்தரிக்காய்க்குச் சூட்டிய நாடு உலகிலே வேறெங்கேனும் உண்டா? "நாங்கள் சுத்த சைவம்" என்கிறார்களே, அந்தச் 'சுத்த'த்தின் மறுபக்கம் என்ன? மற்றவர் அசுத்தம் என்பதுதானே! வீடு வாடகைக்குக் கேட்டால் "நீங்கள் சைவமா?" என்ற கேள்வி. அது உணவைப் பற்றிய கேள்வியா? இல்லை, குலத்தைக் கேட்க வெட்கப்பட்டவன் கறிச்சட்டியைக் கேட்கிறான்.

இந்தச் சுத்தம் உடலைக் காத்ததா? தீட்டிய அரிசி, மைதா, சர்க்கரை, நெய்யிலே பொரித்த பலகாரம்: இவற்றிலே ஓர் எலும்புத் துண்டும் இல்லை. ஆகவே சுத்த சைவம்! ஆனால் நீரிழிவு நோய் வாசற்படியிலே நின்று, "இங்கே கறி சமைப்பதுண்டா?" என்று விசாரித்து உள்ளே வருவதில்லை. மரக்கறி என்பதனாலேயே உணவு நல்லதாகிவிடாது. முழுத்தானியமா, பருப்பு உண்டா, கீரை உண்டா, காயும் கனியும் உண்டா என்பதுதான் கேள்வி. 2019-இல் உலக அறிஞர்கள் பலர் கூடி, லான்செட் மருத்துவ இதழ் வாயிலாக வெளியிட்ட அறிக்கையும் இதையே சொன்னது: தட்டின் பெரும்பகுதி தாவரமாக இருக்கட்டும், சர்க்கரையும் செவ்விறைச்சியும் உலக அளவில் பாதிக்குமேல் குறையட்டும், ஆனால் ஊட்டமே கிட்டாத ஏழை நாட்டுக் குழந்தைகளின் தேவை வேறு என்று.

அந்தக் கடைசிப் பகுதியைத்தான் நம் நாட்டுத் தீட்டுக்காரர் படிப்பதில்லை! 2015-இல் மத்தியப் பிரதேசத்திலே, பழங்குடிக் குழந்தைகளின் அங்கன்வாடியில் முட்டை தரலாம் என்று வந்த யோசனையை அம்மாநில முதல்வர் மறுத்தார். 2021-இல் கருநாடகத்திலே பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை தரத் தொடங்கியபோது மடாதிபதிகள் சிலர் போர்க்கொடி தூக்கினர். மாட்டிறைச்சி வைத்திருந்தான் என்ற ஐயத்தின் பேரில், 2015-இல் தாத்ரியிலே ஒரு மனிதனை அடித்தே கொன்றார்கள். செடிகொடிக்கு இரங்கும் உள்ளமா இது? ஆட்டுக்கும் மாட்டுக்கும் அருள், அண்டை வீட்டானுக்குக் கொலைத் தடி!

ஆகவே தெளிவாகச் சொல்கிறோம். தாவர உணவைப் பெருக்குங்கள் என்று கூறும் நாம், பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையைப் பறிப்போரின் தோழர்கள் அல்லர். தமிழ்நாட்டிலே 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையோர் என்று, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறியது. பி-12 என்ற உயிர்ச்சத்து இயல்பான தாவர உணவில் இல்லை. முட்டையிலும் பாலிலும் மீனிலும் இறைச்சியிலும் உண்டு. விலங்குணவை முற்றும் விலக்க விரும்புவோர் அதை மருந்தாகவேனும் உட்கொள்ள வேண்டும். விரும்பி விலக்குவது ஒருவரது உரிமை. விரும்பாதவரை விலக்கச் செய்வது கொடுமை. மூன்று வேளையும் உண்பவன் எதைக் குறைப்பது என்று ஆராயலாம். ஒருவேளை உண்பவனிடம் துறவு உபதேசம் செய்யலாகாது.

மருந்து என்று பெயர் பெற்ற நஞ்சு

இனி மண்ணுக்கு வருவோம். உழவன் நஞ்சைத் தெளிப்பதற்கு நம் ஊரிலே என்ன பெயர்? 'மருந்தடிப்பது!' கொல்வதற்கு மருந்து என்று பெயர் சூட்டிய கெட்டிக்காரத்தனம் யாருடையதோ! அந்த 'மருந்'தை முதுகிலே சுமந்து, காற்றுக்கு எதிரே நடந்து, முகமூடியின்றி, கையுறையின்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடிப்பவன் யார்? நிலக்கிழாரா? அவர் வரப்பிலே நிற்கிறார். உண்பவர் உணவிலே நஞ்சு எச்சமாக இருக்கிறதா என்று கேட்கிறார், கேட்கட்டும், நியாயமே. ஆனால் எச்சத்துக்கு முன்னே மிச்சமின்றி அதை மூச்சாக இழுத்தவன் ஒருவன் உண்டு. அவனை மறந்துவிட்டு 'நஞ்சில்லா உணவு' பேசுவது, பாதி நியாயம்கூட ஆகாது.

கேரளத்தின் காசர்கோட்டிலே, முந்திரித் தோட்டங்களின்மீது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வானிலிருந்து எண்டோசல்பானைப் பொழிந்தார்கள். கிணற்றிலும் ஓடையிலும் குடிசையிலும் அது இறங்கியது. உடல் குறைபட்ட குழந்தைகளைத் தாய்மார் மடியிலே கிடத்திக்கொண்டு ஆண்டுக்கணக்காகப் போராடிய பிறகே, 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017-இல் மராட்டியத்தின் யவத்மாலிலே, பருத்திக்கு நஞ்சு தெளிக்கச் சென்ற இருபதுக்கு மேற்பட்ட உழவரும் கூலியாட்களும் மாண்டனர். பூச்சி செத்ததோ இல்லையோ, மனிதன் செத்தான்!

"நஞ்சின்றேல் விளைச்சல் இல்லை" என்பாருக்கு இந்தோனேசியா விடையளித்தது. அங்கே நெற்பயிரைப் புகையான் பூச்சி அழித்தது. அடிக்க அடிக்கப் பெருகியது. ஏன்? புகையானைத் தின்னும் சிலந்தியையும் வண்டையும் நஞ்சு முதலில் கொன்றுவிட்டது. காவற்காரனைக் கொன்றால் கள்ளனுக்குக் கொண்டாட்டந்தானே! 1986-இல் அந்நாட்டரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை செய்தது; நஞ்சுக்குத் தந்த மானியத்தைப் படிப்படியாக நிறுத்தியது; வயலிலேயே பள்ளி வைத்து, எது நண்பன், எது பகைவன் என்று உழவருக்குக் கற்பித்தது. நஞ்சு பாதிக்குமேல் குறைந்தது. நெல் விளைச்சல் குறையவில்லை. மந்திரத்தாலன்று, பூச்சியைப் படித்ததால் வந்த வெற்றி அது.

கோமயமும் கட்டளையும்

ஆனால் இயற்கை வேளாண்மையின் பேரால் உலவும் புரட்டையும் நாம் பார்க்க வேண்டும். கோ. நம்மாழ்வார் போன்றோர் ஊர் ஊராக நடந்து, மண்ணைப் பற்றி உழவரோடு பேசினார்கள். அந்த உழைப்பை மதிக்கிறோம். அந்த வழியோரத்திலே வேறு கடைகளும் முளைத்துவிட்டன. பசுவின் மூத்திரத்திலே தெய்வசக்தி என்கிறான் ஒருவன். பௌர்ணமியில் விதைத்தால் பலன் நூறு என்கிறான் இன்னொருவன். சாணத்திலே தழைச்சத்து உண்டா? உண்டு; எருமைச் சாணத்திலும் உண்டு, ஆட்டுப் புழுக்கையிலும் உண்டு. ஊறவைத்த கரைசலிலே நுண்ணுயிர் பெருகுகிறதா? பெருகட்டும், பாதி வயலுக்கு ஊற்று, பாதி வயலுக்கு ஊற்றாதே, அறுத்து நிறுத்துப் பார்! தராசு சொல்வதை ஏற்போம். தாழம்பூவும் சந்தனமும் சாட்சியாகா.

உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொள்ளவும் வேண்டும். உரமும் நஞ்சும் இடாத வேளாண்மையிலே, சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு விளைச்சல் குறைகிறது என்றே உலக ஆய்வுத் தொகுப்புகள் காட்டியுள்ளன. பயறும் சுழற்சிப் பயிரும் சேர்ந்தால் இடைவெளி சுருங்குகிறது. இழப்பை உழவன் தலையிலே மட்டும் கட்டாவிட்டால் மாற்றம் நிலைக்கிறது. கட்டளையால் அது வாராது. இலங்கையிலே 2021 ஏப்ரலில், இரசாயன உரத்தையும் நஞ்சையும் ஒரேயடியாக நிறுத்தி ஆணை பிறந்தது. அந்நியச் செலாவணி வற்றியதை மறைக்க, இயற்கை வேளாண்மை என்ற போர்வை! நெல் சரிந்தது, தேயிலை சரிந்தது. தமிழ் உழவனும் சிங்கள உழவனும் ஒருசேரத் தெருவுக்கு வந்தனர். நவம்பரிலே ஆணை பின்வாங்கியது. சிக்கிமோ 2003-இல் தொடங்கி, 2016-இல்தான் முழு இயற்கை வேளாண் மாநிலம் என்று அறிவித்தது. அதுவும் முன்னரே இரசாயனம் குறைவாக இருந்த சின்னஞ்சிறு மலைநாடு. நல்ல நோக்கமாயினும், உழவனைக் கேளாமல் ஓரிரவிலே திணித்தால் அதுவும் கொடுங்கோன்மையே.

பச்சை முத்திரை

அடுத்து வருபவர் சந்தைக்காரர். நேற்றுவரை அரசு ஏடுகளிலே முரட்டுத் தானியம் என்று பொருள்படும் பெயரிலே கிடந்தவை, 2018-இல் ஊட்டத் தானியம் என்று பெயர் மாறின. 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என ஐக்கிய நாடுகள் அவை கொண்டாடியது. பெயர் மாறியது, பெருமை ஏறியது, விலையும் ஏறியது. கொல்லையிலே வாங்கும் விலைக்கும் கடையிலே விற்கும் விலைக்கும் இடையே உள்ள பள்ளத்திலே யாருடைய மாளிகை எழுகிறது? பச்சை முத்திரைக்குக் கட்டணம், பரிசோதனை, பதிவேடு. சின்ன உழவன் எப்படி ஏறுவான் அந்தப் படியை?

மோசடி இத்தோடு நிற்கவில்லை. பளிச்சென்று வெளுப்பாக இருந்தால்தான் விற்கும் என்று, சாமையையும் வரகையும்கூட இப்போது தீட்டுகிறார்கள்! மைதாவிலே ஒரு பிடி கம்புமாவைத் தூவிச் 'சிறுதானிய' பிஸ்கட் என்கிறார்கள். ஐக்மன் கோழிகள் கால் முடங்கி விழுந்து நூறாண்டு கடந்த பின்னும், அதே தவறு, புதிய உறையிலே! முத்திரையைப் படிக்குமுன் தானியத்தைப் பாருங்கள், தோழர்களே. தவிடு போனால் பெயர் மட்டுமே மிச்சம்.

நாம் கேட்க வேண்டியது

1920-இல் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியிலே மாநகராட்சி உணவிட்ட நாள் தொட்டு, 1956, 1982, 2022 எனப் படிப்படியாக, பள்ளிப் பிள்ளையின் தட்டை அரசின் கடமையாக்கிய நாடு நம் நாடு. ஒரே பந்தியிலே எல்லாக் குலத்துப் பிள்ளையும் உண்ண வைத்த அந்தத் தட்டுதான் நம் போர்க்களம். குளிரூட்டிய கடையிலே கூழ் வாங்குவதால் குலம் அழியாது. பள்ளித் தட்டிலே களியுருண்டையும் பயறும் கீரையும் முட்டையும் ஒன்றாக வரும்போது அழியும். அங்கே கேழ்வரகு இழிவன்று; பாடப்புத்தகம்போல் எல்லார்க்கும் பொது.

நியாய விலைக் கடையிலே கேழ்வரகு கேளுங்கள். 2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே அரிசி, கோதுமையோடு புன்செய்த் தானியத்துக்கும் இடம் உண்டு. ஒடிசா 2017-இல் சிறுதானியத் திட்டம் தொடங்கி, பழங்குடி உழவரிடம் கேழ்வரகு வாங்கி, அவர்கள் நாட்டிலேயே பங்கிட்டது. தருமபுரியிலும் நீலகிரியிலும் 2023-இல் குடும்ப அட்டைக்கு இரண்டு கிலோ கேழ்வரகு தரும் முயற்சி தொடங்கியது. இரண்டு மாவட்டத்தில் தொடங்கியது எல்லா மாவட்டத்துக்கும் வர வேண்டும் என்று கேட்பது யார் வேலை? நம் வேலை! சவ்வாது மலைச் சாமைக்கும் கிருஷ்ணகிரிக் கேழ்வரகுக்கும் கட்டுபடியாகும் விலை வேண்டும். ஊருக்கு ஓர் உமி நீக்கும் எந்திரம் வேண்டும். நஞ்சு தெளிக்கும் கூலியாளுக்குக் கவசம் வேண்டும், அந்த நஞ்சையே குறைக்க வயற்பள்ளி வேண்டும். மன்றந்தோறும் படிப்பகந்தோறும் இந்தக் கோரிக்கைகளை எழுதுங்கள். ஊராட்சிக் கூட்டத்திலே எழுந்து நின்று கேளுங்கள்.

வீட்டிலேயும் தொடங்குங்கள். சோற்று மலையைக் குறையுங்கள், பருப்பையும் கீரையையும் பெருக்குங்கள், தவிட்டைத் தள்ளாதீர்கள். கறி உண்போர் உண்ணுங்கள்; அளவறிந்து உண்ணுங்கள். உண்ணாதோர் உண்ணாதிருங்கள், உயர்ந்தோர் என்று எண்ணாதிருங்கள். உணவு உடலை வளர்க்கும். குலத்தை வளர்க்க அதற்கு உரிமை இல்லை.

கூழைக் குடித்தவன் தலைகுனிந்த காலம் போனது. கூழை விற்றவன் மட்டும் தலைநிமிரும் காலம் வந்துள்ளது. கூழை விளைவித்தவனும், இடித்தவளும், அவர்கள் பிள்ளையும் அதே கூழை வயிறார உண்டு தலைநிமிரும் காலம் இனி வர வேண்டும். 'கூழானாலும்' என்ற அந்த இழிசொல்லின் வால் அன்றுதான் அறும். அறுப்பது நம் கையில் இருக்கிறது. சிந்திப்பீர்! செயல்படுவீர்!